சட்டைக் காலரில் வெட்டிவேர்

“ஸார்... நீங்க போட்டிருக்கது என்ன சென்ட்டு?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. என் மனைவி வசந்தா கேட்டதில்லை. ஆபீஸில் இருந்தவரைக்கும் அங்கேயும் யாரும் கேட்டதில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் வழுக்கை, என் ஸ்கூட்டர், என் சர்க்கரை அளவு என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதுகிற நீங்கள்... நீங்களும் கேட்டதில்லை!

கேட்டவன் முத்துக்குமார். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருப்பவன்.

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வீடு கட்டி வந்த புதிதில் மாடிக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் ஒரகடத்தில் ஒவ்வொரு கம்பெனியாக வர வர, ‘ரூம் இருக்கா ஸார்?’ என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மேலே நாலு பேச்சிலர்கள். எல்லாரும் தெற்கத்திப் பையன்கள். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். எந்த நேரத்தில் மாடிப்படி ஏறினாலும் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான், ஒருத்தன் துவைத்துக்கொண்டிருப்பான்.

முத்துக்குமாருக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே வந்தவன். கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் வேலை. முப்பதைத் தொடப்போகிற வயது. வாடகை தவிர வேறு எதற்காகவும் கீழே இறங்கி வந்து பேசாத ஆள். அப்படிப்பட்டவன் மே மாசத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், கரண்ட் போய் நான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்த நேரத்தில், வந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்கிறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“இது சென்ட் இல்லப்பா. வெட்டிவேர் அத்தர். திருவல்லிக்கேணியில ஒரு பாய் கடை. மத்தவங்க மல்லி, ரோஜான்னு வாங்குவாங்க. நான் இது ஒண்ணுதான்.”

அந்தக் கடைக்காரர் முதல் தடவை எனக்குக் கொடுக்கும்போதே ஒன்று சொன்னார். ‘பூ வாசனை கேக்கறவரு எதிர்ல நிக்கறவங்களுக்காக வாங்கறாரு ஸார். வெட்டிவேர் கேக்கறவரு தனக்காக வாங்கறாரு.’ வியாபாரப் பேச்சுதான். ஆனாலும் பிடித்துப்போய்விட்டது. வெட்டிவேரில் அப்படி ஒரு குணம் உண்டு. மல்லிகை மாதிரி அது தெருமுனையிலேயே வந்து ஆஜர் சொல்லாது. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஈர மண், கொஞ்சம் பச்சை, கொஞ்சம் புகை... வெயில் ஏற ஏற, வேர்வையோடு சண்டை போடாமல் சேர்ந்துகொள்ளும். இப்போது வெளிநாட்டு ஆண்கள் சென்ட்டுக்கெல்லாம் அடியில் இதைத்தான் போடுகிறார்கள் என்று மால்களில் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துத் தெரிந்துகொண்டேன். (படிப்பதற்குக் காசில்லை.)

இதையெல்லாம் முத்துக்குமாருக்கு விளக்கிச் சொல்லி முடித்தபோது, அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் எதையும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

“என்னப்பா விஷயம்?”

“ஒரு எடத்துல பொண்ணு பாத்துட்டு வந்தோம்லா ஸார்...”

அது மாடிப் பையன்கள் சொல்லி எனக்குத் தெரியும். அவன் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிற கன்னியம்மா என்கிற அம்மா கொண்டுவந்த சம்பந்தம். பெண் கன்னியம்மாவின் அண்ணன் மகள். பெயர் புவனா. பிள்ளைப்பாக்கம். செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. முத்துக்குமாரின் அப்பா அம்மா ராத்திரி பஸ் பிடித்து வந்து, பார்த்துவிட்டு, திருப்தியாகத்தான் திரும்பிப் போனார்கள்.

“பேச்செல்லாம் நல்லாத்தான் போச்சு ஸார். இப்ப என்னன்னா... கிட்ட வந்தா பெயிண்ட் தின்னர் நாத்தம் அடிக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டாம். கன்னியம்மாக்கா போன்ல சொன்னாக.”

சொல்லிவிட்டுத் தன் முழங்கையைத் தூக்கி மோந்து பார்த்தான். இன்னொரு கையையும் பார்த்தான்.

“அன்னைக்கு ரெண்டு தடவ குளிச்சிட்டுப் போனேன் ஸார். புதுச் சட்டை. எனக்கு ஒண்ணுமே தெரியல. ரூம்ல பயலுககிட்ட கேட்டா, ‘ஆமாலே, ஒங்கிட்ட எப்பமுமே அடிக்கும், எங்களுக்குப் பழகிப்போச்சு’ன்னு சாதாரணமாச் சொல்லுதானுவ. ஒரு பய இத்தன நாளும் சொல்லலியே ஸார்.”

அவமானம் என்பது திட்டு வாங்கும்போது வருவதில்லை. கூட இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று நமக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்று தெரியும்போது வருகிறது. அவன் கண் கலங்கிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“அட, இதுக்கா? ஒரு ஸ்ப்ரே வாங்கி அடிச்சுக்கிட்டா ஆச்சு!”

“அதான் ஸார் கூடாது!”

அப்போதுதான் எனக்கு ஒரு புது விஷயம் தெரிந்தது. பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வாசனைப் பொருள் எதையும் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாதாம். பாடி ஸ்ப்ரே, ஹேர் ஜெல், க்ரீம், எதுவும். அதில் இருக்கிற ஏதோ ஒரு சமாச்சாரம் காற்றில் பறந்து பம்பர் மேல் உட்கார்ந்தால் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகிக் குழி விழுந்துவிடும். மீன் கண் மாதிரி. ஒருத்தன் தலையில் தடவிக்கொண்டு வந்த ஜெல்லினால் ஒரு ஷிஃப்ட் பம்பர் முழுக்க ரிஜெக்ட் ஆன கதையைச் சொன்னான். வாசலிலேயே சூப்பர்வைசர் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாராம்.

வாரத்தில் ஆறு நாள் எந்த வாசனையும் இல்லாமல் இருந்தே ஆக வேண்டிய ஆள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தின்னர் வாசனை.

“திரும்ப ஒரு தடவ பாத்துப் பேசலாம்னு இருக்காவ. வர்ற ஞாயித்துக்கெழம, ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோயில்ல. ஊர்லருந்து அப்பா திரும்பவும் வர முடியாது. நீங்க வாரீகளா ஸார்?”

ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? அந்த நிமிஷமே நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் டெஸ்டிங்.

தின்னர் வாசனைக்கு எது சரியாக வரும்? மாடிப் பையன்கள் ஆளுக்கு ரெண்டு பாட்டில் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டார்கள். முத்துக்குமார் நடுவில் நாற்காலியில். நீதிபதி என் மனைவி. எங்கள் வீட்டில் பால் கெட்டதா, பருப்பு அடிப்பிடித்ததா, நான் வெளியில் பஜ்ஜி சாப்பிட்டேனா என்று எல்லா வழக்கிலும் கடைசித் தீர்ப்பு வசந்தாவின் மூக்கு சொல்வதுதான்.

முதலில் ஒரு மல்லிகை சென்ட்டை இடது கையில் அடித்தோம். வசந்தா குனிந்து மோந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பெயிண்ட் கடை வாசல்ல பூக்காரி உக்காந்திருக்கா.”

அடுத்தது எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே. “வேணாம். ஆஸ்பத்திரி பாத்ரூம்.”

கறுப்பு பாட்டிலில் இருந்த ஒரு காஸ்ட்லி ஸ்ப்ரே. அதைக் கொண்டுவந்த பையன் பெருமையாக நின்றான். வசந்தா நாலு தடவை தும்மினாள். அதுதான் தீர்ப்பு.

கடைசியாக என் வெட்டிவேர் அத்தரைச் சட்டைக் காலரில் ஒரு சொட்டு தேய்த்தேன். ஸ்ப்ரே குளித்தால் போய்விடும்; அத்தரை உடம்பில் போட்டால் மறுநாள் வரைக்கும் நிற்கும், சூப்பர்வைசர் மூக்கில் மாட்டும். அதனால் துணியில் மட்டும். கொஞ்ச நேரம் காயவிட்டோம். வசந்தா பக்கத்தில் போய் நின்றாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“தின்னர் போகல,” என்றாள். “ஆனா குறையாத் தெரியல. புதுசா வெள்ளையடிச்ச வீட்டுல தண்ணி தெளிச்சுக் கழுவி விட்ட மாதிரி இருக்கு. நல்லாவே இருக்கு.”

பையன்கள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. முத்துக்குமாரைப் பார்த்து, “ஒனக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டேன்.

“அக்கா சொன்னா சரிதான் ஸார்,” என்றான்.

அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு. என் ஸ்கூட்டரில் ரெண்டு பேரும் கிளம்பினோம். ஷேர் ஆட்டோ வேண்டாம், கூட்டத்தில் கசங்கி வேறு வாசனைகள் ஒட்டிக்கொள்ளும் என்பது வசந்தாவின் ஆர்டர். இளநீலச் சட்டை, காலரில் வெட்டிவேர். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போதுகூடப் பின்னாலிருந்து லேசாக வந்துகொண்டிருந்தது. என்னையே பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு உணர்வு.

கோயில் மண்டபத்தில் அவர்கள் முன்னாடியே வந்து காத்திருந்தார்கள். புவனாவின் அப்பா ஏழுமலை, ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். மிச்சமிருக்கிற நிலத்தில் கொஞ்சம் நெல்லும் போடுகிறார். ராத்திரி டூட்டி முடித்து நேராக வந்திருந்ததால் கண்கள் சிவந்திருந்தன. பேச்சு குறைவு. அதை ஈடுகட்டக் கன்னியம்மா. நடுவில் புவனா. தலை நிறைய மல்லிகைப்பூ.

சம்பிரதாயமான விசாரிப்புகள் முடிந்தன. பெரியவர்கள் நாங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டோம். தள்ளி என்றால் ஒரு தூண் தள்ளி. காது கேட்கிற தூரம். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், அந்தப் பக்கம்தான் நிழல் இருந்தது.

புவனாதான் முதலில் பேசினாள்.

“சென்ட் போட்டுக்கினு வந்துகிறீங்களா?”

எனக்குத் திக்கென்றது. முத்துக்குமார் பொய் சொல்லத் தெரியாதவன்.

“ஆமாங்க. வெட்டிவேரு. ஸார் குடுத்தாக.”

“நல்லாத்தான் கீது.”

நான் கன்னியம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டேன். ஆனால் அடுத்த கேள்வி வந்தது.

“நாளைக்கு லைனுக்கு இத்தப் போட்டுக்கினு போவ முடியுமா?”

“முடியாதுங்க. பெயிண்ட்ல குழி விழுந்துரும்.”

புவனா சிரித்துவிட்டாள். “எங்களுக்கும் அதே கததான். நான் கேமரா லென்ஸ் செக்‌ஷன். பவுடர் கூடாது, பூ கூடாது. ஒரு துளி தூசு உள்ள வுழுந்தா போட்டோல புள்ளியாத் தெரியும். ஞாயித்துக்கெழம வந்தாத்தான் எனக்கு மல்லிப்பூவே.”

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு நாள் வாசனை இல்லாமல் இருக்கிற ரெண்டு பேர். சரி, ஜோடி அமைந்துவிட்டது, தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று நான் முடிவுக்கே வந்துவிட்டேன்.

“அத்த உங்களாண்ட இன்னா சொன்னாங்க?” என்றாள் புவனா.

“தின்னர் வாசன அடிக்குன்னு...”

“அவ்ளோதானா?”

அவள் திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தாள். “அத்தே, நான் ரெண்டு விஷயம் சொன்னேன். ஒண்ணுதான் போய்ச் சேந்துகீது!”

கன்னியம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். “அதெல்லாம் போனுல இன்னாத்தடி கேக்கறது... வேலை விஷயத்த.”

புவனா முத்துக்குமார் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

“குளிச்சி முடிச்சி, புதுச்சட்ட போட்டுக்கினு வந்தும் வாசன போவலன்னா, அது மேல ஒட்டினது மட்டும் இல்ல, உள்ளயும் போய்கினுகீதுன்னு சொன்னேன். மாஸ்க் போடறாரா இல்லியான்னு கேளுங்கன்னு சொன்னேன். நாத்தம்னு குத்தம் சொல்லல.”



“போடுவேங்க,” என்றான் முத்துக்குமார்.

“ஃபுல் டைமா?”

“ஸ்ப்ரே அடிக்கைல போடுவேன். ஸ்ப்ரே கன்னு கழுவும்போது... கழுத்துல தொங்கும். அதப் போட்டா கண்ணாடில ஆவி படிஞ்சிருதுங்க. ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.”

“கன்ன எதுல கழுவறீங்க?”

“தின்னர்லதான்.”

அவள் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ யோசித்தாள். பிறகு கேட்டாள்:

“இப்ப உங்க சட்டைல வர்ற வெட்டிவேர் வாசன... உங்களுக்குத் தெரிதா?”

முத்துக்குமார் என்னை ஒரு தடவை பார்த்தான். காலரை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். ஆழமாக இழுத்தான். இன்னொரு தடவையும் இழுத்தான்.

“தெரியலீங்க.”

எனக்கு உட்கார்ந்திருந்த கல் சுட்டது. மொட்டை மாடியில் ‘அக்கா சொன்னா சரிதான்’ என்று அவன் சொன்னது அடக்கத்தினால் இல்லை. அத்தனை பாட்டில் அடித்தோமே... மல்லிகை, எலுமிச்சை, வசந்தா தும்மிய அந்தக் கறுப்பு பாட்டில்... ஒன்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தனக்காக வாங்குகிற வாசனை என்று நான் பெருமையடித்துக்கொண்ட வெட்டிவேரை, தனக்குத் தெரியாமலேயே ஊருக்காகச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான் பிள்ளை.

“எவ்ளோ நாளா?” என்றாள் புவனா.

“தெரியலீங்க. கொஞ்சம் கொஞ்சமா... போன தீவாளிக்கு ஊருக்குப் போனப்ப அம்மா அதிரசம் சுட்டா, ஒரு மணமும் இல்லியேன்னு நெனச்சேன். ஜலதோசம்னு விட்டுட்டேன். சாம்பார் ஊசிப்போயிருந்தாக்கூடத் தெரியாது. பயலுக சொன்னாத்தான் கீழ ஊத்துவேன்.”

அதுவரை வாயைத் திறக்காத ஏழுமலை அப்போதுதான் பேசினார்.

“வூட்ல கேஸ் லீக் ஆனா தெரியாதேப்பா உனுக்கு.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கேட்டில் நிற்கிற மனிதர் ஆபத்தைப் பார்த்துச் சொல்கிற குரல். அதனாலேயே கூடுதலாகச் சுருக்கென்றது. முத்துக்குமார் தலையைக் குனிந்தவன் நிமிரவேயில்லை. வந்த காரியம் முடிந்துபோயிற்று என்று எல்லாருக்குமே தோன்றியது. கன்னியம்மா கிளம்புவதற்கு ஆயத்தமாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் வேணான்னு சொல்லல,” என்றாள் புவனா. “மாஸ்க்கக் கழுத்துல மாட்டிக்கினு திரியாதீங்க. ஆவி படிஞ்சா வேற கண்ணாடி கேளுங்க, குடுப்பாங்க. டாக்டரப் போய்ப் பாருங்க. அப்புறம் மிச்சத்தப் பேசலாம்.”

முத்துக்குமார் கேட்டான். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. “மூக்கு வராமலே போயிருச்சுன்னா?”

அவள் பூவைச் சரிசெய்துகொண்டாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

“மாஸ்க் போடறீங்கன்னு தெரிஞ்சாப் போதும். மூக்கு எங்கிட்ட ஒண்ணு கீது. ஒரு வூட்டுக்கு அது போதும்.”

சொல்லிவிட்டு எழுந்து பிரகாரத்தைச் சுற்றப் போய்விட்டாள். கன்னியம்மா பையை மறுபடி கீழே வைத்தார். ஏழுமலை என்னைப் பார்த்து, “காபி சாப்புடறீங்களா ஸார்?” என்றார்.

திரும்பி வரும்போது ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் முத்துக்குமார் பின்னாலிருந்து, “நல்ல பிள்ள ஸார்,” என்றான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நின்றான். மாஸ்க்கில் மாட்டுகிற ஃபில்டரை மாற்றித் தரச் சொன்னான், ஆவி படியாத கண்ணாடி கேட்டான். ‘இத முன்னாடியே கேக்கறதுக்கென்ன?’ என்று சொல்லிவிட்டு அவர் எடுத்துக் கொடுத்தாராம். கேட்டவுடனே கிடைத்துவிட்ட பொருளைக் கேட்காமலேயே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான். நாம் எல்லாரும் அப்படித்தான், இல்லையா? கேட்டால் என்ன நினைப்பார்களோ என்றே பாதி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பரிசோதித்துவிட்டு, தின்னர் ஆவி உள்ளே போகாமல் இருந்தால் வாசனை தெரிவது திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். தினமும் காலையும் சாயங்காலமும் நாலைந்து அழுத்தமான வாசனைகளை நிதானமாக மோந்து பார்க்கச் சொன்னார். வசந்தா அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாள். காபிப் பொடி, பெருங்காயம், கற்பூரம், என் வெட்டிவேர் பாட்டில். முத்துக்குமார் ஷிஃப்ட் முடித்து வந்ததும் மூடியைத் திறந்து நீட்டுவாள். “என்னது சொல்லு?” அவன் கண்ணை மூடிக்கொண்டு பரிதாபமாக, “பெருங்காயமாக்கா?” என்பான். அது காபிப் பொடியாக இருக்கும்.

புவனாவிடமிருந்து போன் வரும். ‘சாப்பிட்டீங்களா’ என்று ஆரம்பிக்கிற ஊரில், அந்தப் பெண்ணின் முதல் கேள்வி ‘மாஸ்க்?’ என்பதுதானாம். அவன் ‘போட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் சாப்பாடு விசாரணை. மாடிப் பையன்கள் இப்போது யார் போன் வந்தாலும் ‘மாஸ்க்?’ என்றுதான் எடுக்கிறார்கள்.

மூக்கு வருவதற்குள் நிச்சயதார்த்தமே வந்துவிட்டது. ஆடிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று ஏழுமலைதான் சொன்னார். பெண்ணுக்கு இந்தப் பையன்தான் என்று அந்த மண்டபத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சங்கரன்கோவில்காரர்களும் பிள்ளைப்பாக்கத்துக்காரர்களும் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் பாதிதான் புரிந்தாலும் சிரித்துச் சிரித்துச் சமாளித்தார்கள். முத்துக்குமார் சட்டையில் வெட்டிவேர் இருந்தது. போட்டுக்கொண்டு வரச் சொன்னது புவனா. ‘போட்டாலும் போடாட்டியும் உனக்கு ஒண்ணுதானே, எனக்குப் புடிச்சத போடு’ என்றாளாம். நீங்க போய் நீ வந்துவிட்டது, கவனித்தீர்களா?

டிவியில் ஒரு விளம்பரம் வருகிறது. ஒரு பையன் ஸ்ப்ரே அடித்துக்கொள்கிறான், எங்கெங்கிருந்தோ பெண்கள் அவனை நோக்கி ஓடி வருகிறார்கள். மாடிப் பையன்கள் வாங்கி அடுக்கி வைத்திருக்கிற அத்தனை பாட்டிலும் அந்த நம்பிக்கையில் வாங்கியதுதான். நான் சொல்கிறேன் — வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற பெண் வேண்டாம். பக்கத்தில் வந்து, மூக்கைச் சுளித்து, ‘இது எங்கேருந்து வருது?’ என்று நின்று விசாரிக்கிற பெண் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வெட்டிவேரைக் குறை சொல்லவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அருமையான வாசனை என்பது பக்கத்தில் வருவதற்கு ஒரு காரணம் கொடுக்கும். அதற்கு மேல் நடப்பதெல்லாம் பக்கத்தில் வந்தவர்களைப் பொறுத்தது.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

இனிமேல்தான் இந்த வாரத்துச் செய்தி. முந்தாநாள் காலை முத்துக்குமார் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் ஒரு மாதிரி கோணிப்போயிருந்தது. வீட்டின் பின்பக்கமாகப் போய் நின்றான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

“என்னப்பா?”

“ஸார்... பின்னாடி ஏதோ நாத்தம் அடிக்கு.”

“அப்படியா?” என்றேன். பிறகுதான் உறைத்தது. “என்ன சொன்னே?”

“நாத்தம் ஸார்!” என்று சொன்னவன், சொன்ன வாயை மூட மறந்து அப்படியே நின்றான். “ஸார்... நாத்தம்! எனக்கு அடிக்கு ஸார்!”

வசந்தா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் வீட்டுப் பின்பக்கம் போய் வரிசையாக நின்று, திருப்தியாக மூச்சை இழுத்தோம். அவன் போனை எடுத்துப் புவனாவுக்கு அடித்து, அவள் ‘மாஸ்க்?’ என்று கேட்பதற்கு முன்பாகவே, “நாத்தம் தெரியுது புவனா!” என்று கத்தினான். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற எந்தப் பெண்ணும் இப்படி ஒரு காதல் மொழி கேட்டிருக்க மாட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

வாடகைக்கு இருப்பவன் சொன்ன புகாரைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட வீட்டுக்காரன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

செப்டிக் டேங்க் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வருகிறார்களாம்.